பேசத் தெரியும், படிக்கத் தெரியாது

"கன்னடா பருத்தா அம்மா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். குரலில் அவ்வளவு கனிவு. கூண்டில் நின்றிருந்த பாட்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பருத்தே ஸ்வாமி. அம்பது வருசமா அல்சூர்லதான் இருக்கேன், வராம இருக்குமா?" என்றார். நீதிபதி அதை ஆங்கிலத்தில் ஸ்டெனோவிடம் சொன்னார்: எனக்குக் கன்னடம் தெரியும். எங்கள் வழக்கின் பாதி உயிர் அந்த ஒரு வரியில் போயிற்று.

பெங்களூர் மேயோ ஹால் கோர்ட்டில் நடந்தது. பாட்டிக்கு வக்கீல் நான். பல வருடம் ஆகிவிட்டது. ஆட்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். பாட்டியின் கணவர் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு முப்பதுக்கு நாற்பது சைட் வாங்கி, இரண்டு அறை கட்டியிருந்தார். பிள்ளைகள் இல்லை. அவர் போன பிறகு கொழுந்தனார் வந்து, "அண்ணி, காத்தாவுல உங்க பேரு மாத்தணும், ஆபீஸுக்கு வாங்க" என்று கூட்டிப்போனார். காத்தா என்பது சொத்து வரிக்கான மாநகராட்சிப் பதிவு. தமிழில் தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்த பாட்டி, காட்டிய இடத்திலெல்லாம் எழுதிக் கொடுத்தார். அது தானப் பத்திரம். முழுக்கக் கன்னடத்தில் இருந்தது. வீடு கொழுந்தனார் பெயருக்குப் போய்விட்டது என்பது, வாடகைக்கு இருந்தவர் வாடகை தர மறுத்தபோதுதான் பாட்டிக்குத் தெரிந்தது.

எழுத்தறியாத வயதான பெண் ஒருவர், தான் நம்பியிருக்கும் உறவினருக்கே சொத்தை எழுதிக் கொடுத்தால், அவர் விஷயம் புரிந்துதான் எழுதினார் என்று காட்ட வேண்டிய பொறுப்பைச் சொத்தை வாங்கிக்கொண்டவர் தலையில் வைப்பது நம் நீதிமன்றங்களின் நெடுநாள் வழக்கம். என் வாதமே அதை நம்பித்தான் இருந்தது. ஆனால் "கன்னடம் தெரியும்" என்று பாட்டியே சொல்லிவிட்டாரே!

பெங்களூரில் இருக்கும் தமிழர்களுக்கு இது புரியும். காய்கறிக்காரரிடம், கண்டக்டரிடம், எதிர்வீட்டு அஜ்ஜியிடம் நாம் சரளமாகக் கன்னடம் பேசுவோம். நம் பெரியவர்களில் எத்தனை பேருக்கு அதைப் படிக்க வரும்? மொழி தெரியுமா என்று கேட்டால், பேசத் தெரிந்தவர் பெருமையோடு "தெரியும்" என்றுதான் சொல்வார். உங்கள் வீட்டில் யாராவது சாட்சி சொல்லப் போவதாக இருந்தால், முந்தின நாள் ராத்திரியே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள்: "பேசத் தெரியும், படிக்கத் தெரியாது." உண்மையை முழுதாகச் சொல்ல வைக்கிறீர்கள், அவ்வளவுதான். பாட்டிக்கு அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தப்பு என்னுடையது.

அடுத்த கேள்வி இன்னும் ஆழமாக இறங்கியது. "நீங்க கையெழுத்துப் போட்ட அபிடவிட்ல என்ன எழுதியிருக்கு?"

"வக்கீலம்மா எழுதுனாங்க. போடச் சொன்னாங்க, போட்டேன்."

2002-இல் சிவில் நடைமுறைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, முதல் விசாரணையில் சாட்சி வாயால் கதை சொல்வதில்லை. வக்கீல் அதை அபிடவிட்டாக டைப் செய்து கையெழுத்து வாங்கித் தாக்கல் செய்வார். சாட்சி வாய் திறப்பது குறுக்கு விசாரணையில்தான். இங்கே அபிடவிட் பெரும்பாலும் ஆங்கிலம், சில சமயம் கன்னடம். சாட்சிக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அன்று என் அபிடவிட்டிலும் அந்த வரி இருந்தது. படித்துக் காட்டினேனா? சாரத்தைச் சொன்னேன். வரி வரியாகப் படிக்கவில்லை. அன்றிலிருந்து என் அறையில் அபிடவிட்டைத் தமிழில் முழுக்கச் சொல்லி முடிக்காமல் யாரிடமும் பேனா கொடுப்பதில்லை. உங்கள் வக்கீல் அவசரத்தில் இருந்தாலும் விடாதீர்கள். "ஒரு தரம் தமிழ்ல சொல்லுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை. இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

இந்த வழக்கு நடந்த நாட்களில் திருவெண்ணெய்நல்லூர்ச் சபை அடிக்கடி நினைவுக்கு வரும். சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு கிழவர் வருகிறார். "உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது, நீ எனக்கு அடிமை" என்கிறார். சுந்தரர் கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு சபைக்குப் போகிறது. பக்திக் கதையாக நாம் கேட்டு வளர்ந்தது இது. 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய பெரியபுராணத்தில் அந்தப் பகுதியை ஒரு சிவில் வக்கீலாகப் படித்துப் பாருங்கள், மெய் சிலிர்க்கும். சபையார் கிழவரிடம் கேட்பது: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு. அதாவது நடைமுறை அனுபவம், எழுத்து, சாட்சி. கிழவர் சொல்கிறார்: இவன் கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதையும் சும்மா நீட்டிவிடவில்லை. பிடுங்காமல் பார்த்துக்கொள்வதாக நீங்கள் சொன்னால்தான் காட்டுவேன் என்கிறார். ஒரிஜினலைக் கோர்ட்டில் கொடுக்கும்போது என் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவரும் படும் பயம் அது! கரணத்தான் ஓலையை வாசிக்கிறான். சாட்சிக் கையெழுத்துகளை உரியவர்கள் தங்களுடையதுதான் என்கிறார்கள். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்பு.

1872-ஆம் வருட சாட்சியச் சட்டமும், அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய சாட்சிய சட்டமும் இதையேதான் கேட்கின்றன. ஒத்துக்கொண்ட கையெழுத்தோடு தகராறில் இருக்கும் கையெழுத்தை ஒப்பிடும் அதிகாரம் இன்றும் நீதிபதிக்கு உண்டு. மூல ஓலைதான் முதல்நிலைச் சாட்சியம். படியோலையைக் காட்ட வேண்டுமானால், மூலம் எங்கே போனது, ஏன் காட்ட முடியவில்லை என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

நம் வீடுகளில் மூல ஓலை எங்கே இருக்கிறது? சேட்டுக் கடையில், சீட்டுக் கம்பெனிக்காரரிடம், "பத்திரமா வச்சிருக்கேன்" என்ற மைத்துனர் பீரோவில். கையில் இருப்பது மங்கிப்போன ஒரு ஜெராக்ஸ். பத்திரத்தை யாரிடம் கொடுத்தாலும், எந்தத் தேதியில் எதற்காகக் கொடுத்தீர்கள் என்று எழுதி அவர் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். தொலைந்தே போயிருந்தால் உடனே போலீஸில் புகார் கொடுங்கள். பதிவான விற்பனைப் பத்திரத்துக்கு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் சான்று நகல் கிடைக்கும். நிலம் வீடு சம்பந்தப்பட்ட அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்பது 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டம். பெரியவர் யாராவது எங்கோ கையெழுத்துப் போட்டதாகச் சொன்னால் அதே வாரம் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். ஒரு பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்கு விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருடம்தான் கெடு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ரெவின்யூ சைட்டை, அதாவது முறையாக மாற்றாத விவசாய நிலத்தில் போட்ட மனையை, ஜிபிஏ என்கிற பொது அதிகாரப் பத்திரமும் ஒரு அக்ரிமென்டும் அபிடவிட்டும் வைத்து வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். அப்படி வாங்கியதில் உரிமை மாறாது என்று 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. "காத்தா என் பேர்ல இருக்கே, வரி கட்டுறேனே" என்பார்கள். காத்தாவும் வரி ரசீதும் கரண்ட் பில்லும் ஆட்சிக்குத் துணை நிற்கும். உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே விற்பனைப் பத்திரம் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் போய்ச் சேர்ந்தபின் நான்கு ஊர்களில் இருக்கும் வாரிசுகளைத் தேடிக்கொண்டு என்னிடம் வந்தவர்களின் முகங்கள் எனக்குத் தெரியும்.

சாட்சி விஷயம் சுருக்கமாக. உயிலுக்கும் தானப் பத்திரத்துக்கும் இரண்டு சாட்சி வேண்டும். எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக, தேடினால் கிடைக்கக்கூடியவர்களாகப் பாருங்கள்.

வெண்ணெய்நல்லூர்ச் சபை கேட்ட கேள்வியை மதுரையில் பாண்டியன் கேட்கவில்லை. பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல், அரசியின் ஊடலைத் தீர்க்கப் போகும் அவசரம், கோவலன் போய்விட்டான். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று பாண்டியனுக்குத் தெரியும். கண்ணகி தன் சிலம்பில் மாணிக்கம் என்றாள். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. அரைநாழிகைகூட ஆகாத அந்தச் சோதனையைக் கோவலனை நிறுத்திவைத்துக்கொண்டு முதலிலேயே செய்திருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். எதிராளியைக் கேட்காமல் தீர்ப்பு இல்லை என்பது இன்று சட்டம். கேட்பதற்காகத்தான் சம்மன் அனுப்புகிறார்கள். ஆனால் நம் ஆட்கள் கோர்ட் ஆளைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், "வாங்கலன்னா கேஸ் நடக்காது" என்று யாரோ சொன்னதை நம்பி. வாங்க மறுத்தால் வாங்கியதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். நம்மைக் கேட்காமலே ஒருதலையாக எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிடும். அப்போது கோவலனுக்குக் கிடைக்காத வாய்ப்பை நாமே தள்ளிவிட்டவர்கள் ஆகிறோம். சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் மனு போட வேண்டும், காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டலாம். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பே ஆகியிருந்தாலும் 30 நாளுக்குள் ரத்து கேட்டு மனு போடலாம். சம்மன் முறையாகவே வரவில்லை என்றால், தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள்.

மொழிக்கு வருகிறேன். கீழ்க் கோர்ட்டில் நீங்கள் தமிழிலேயே சாட்சி சொல்லலாம், மொழிபெயர்த்துப் பதிவு செய்வார்கள். தடுமாறும் கன்னடத்திலோ அரைகுறை ஆங்கிலத்திலோ சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம். கப்பன் பார்க் ஓரத்தில் சிவப்பாக நிற்கும் ஹைகோர்ட்டில் நடவடிக்கை ஆங்கிலத்தில். பதினெட்டு இலாகாக்களுக்காக 1860-களில் எழுந்த அட்டாரா கச்சேரி அது. அதைக் கட்டிக் கொடுத்த ஒப்பந்ததாரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் சொல்லும்போது, அந்தப் படியேறும் பயம் அவர்களுக்குக் கொஞ்சம் குறைவதைப் பார்த்திருக்கிறேன். வக்கீல் பீஸுக்குப் பயந்து யாரும் பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

பாட்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குறுக்கு விசாரணை முடிந்ததும் நம் தரப்பு கேட்கும் மறுவிசாரணையில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "கன்னடம் படிப்பீங்களாம்மா?" "அய்யோ, பஸ்ஸுகூட நம்பர் பாத்துத்தான் கண்ணு ஏறுவேன்." நீதிபதி தலையாட்டிவிட்டு அதையும் பதியச் சொன்னார். என் அபிடவிட்டையே படிக்காமல் போட்டேன் என்று பாட்டி சொன்ன பதில், கடைசியில் எங்களுக்கே கைகொடுத்தது. பேனாவைக் கொடுத்து இடத்தைக் காட்டினால் எழுதிவிடுபவர் இவர் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே. எதிர்த்தரப்பு சமரசத்துக்கு இறங்கி வந்தது. வழக்கு நியாய தேகுலா கட்டடத்தில் இருக்கும் மீடியேஷன் சென்டருக்கு, அதாவது சமரச மையத்துக்குப் போனது.

மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. கொடுத்த நிலம் எது என்பதற்கு, வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே என்று அதில் அடையாளம் சொல்லியிருக்கும். நிலத்துக்கு எல்லை சொல்வதில் நம் முன்னோர் அத்தனை கவனம். சமரச ஒப்பந்தம் டைப் ஆகி வந்ததும் அந்தக் கவனத்தோடு பாட்டிக்குத் தமிழில் வரி வரியாகச் சொன்னேன். வீடு பாட்டி ஆயுள் முழுக்க அவருக்கு, வாடகை அவருக்கு, மூலப் பத்திரம் அவர் கையில். எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டிருந்தவர், சொத்தின் எல்லைகளைச் சொல்லும் ஷெட்யூலில் நிறுத்தினார்.

"கிழக்கே என்ன சொன்னே?"

"ரோடும்மா."

"ரோடு இல்ல கண்ணு. கன்சர்வன்சி சந்து. எங்க வீட்டுக்காரர் அதுக்காகத்தான் ரெண்டடி விட்டுக் கட்டுனாரு."

கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, சந்துதான்" என்றார். மீடியேட்டர் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக டைப் செய்யச் சொன்னார். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.