ரேண்டம்: எழுமாறு

"ரேண்டமா ஒரு பத்துப் பேரைக் கேட்டேன்" என்கிறோம். பேருந்து நிலையத்தில் கண்ணில் பட்டவர், முகம் கொடுத்துப் பேசியவர், அவசரமில்லாதவர் என்று பார்த்துத்தான் கேட்டிருப்போம். அது கண்டமேனிக்குக் கேட்டது. புள்ளியியலில் ரேண்டம் என்றால், யாரை எடுப்பது என்ற முடிவு நம் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். ஒவ்வொருவரும் அகப்பட எவ்வளவு வாய்ப்பு என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

சொல்லின் வேர் பழைய பிரெஞ்சில் இருக்கிறது. வேகமாகப் பாய்ந்தோடுவதைக் குறித்த சொல், ஆங்கிலத்துக்குப் போய்க் 'குறியில்லாமல்' என்றானது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைச் 'சமவாய்ப்பு' என்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டு பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 7 வர 36-இல் 6 வாய்ப்பு. 2 வர ஒன்றே ஒன்று. வாய்ப்புகள் சமமாக இல்லாத இந்தக் கூட்டுத்தொகைக்கும், உருட்டும்போதெல்லாம் மதிப்பு மாறுவதால், 'சமவாய்ப்பு மாறி' என்றுதான் பெயர்! படிக்கிற பிள்ளை குழம்பத்தான் செய்யும். இலங்கைத் தமிழர் வழங்கும் 'எழுமாறு' இன்னும் பொருத்தம். 'வருமாறு' போல, எது எழுகிறதோ அதன்படி. எழுமாற்று மாதிரி (random sample), எழுமாற்று மாறி (random variable) என்று சொற்களும் இயல்பாக விரிகின்றன.

செயல்முறை நமக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை எடுக்கும் விதம் இருக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்க வேண்டும். விவரமறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை மறைந்திருக்கக் கூடாதே!

அதே கவனம் சென்னையிலும் இருந்தது. 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவதையும் காசநோய் மருத்துவமனையான சானடோரியத்தில் தங்கிச் சாப்பிடுவதையும் ஒப்பிட்டது. யாரை எங்கே அனுப்புவது என்பதை மருத்துவரிடம் விட்டிருந்தால், மெலிந்தவர்களை இரக்கப்பட்டுச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார், ஒப்பீடே கெட்டிருக்கும். அதனால் எழுமாறாகப் பிரித்தார்கள். வீட்டுச் சிகிச்சை பெரிதாகப் பின்தங்கவில்லை என்று 1959-இல் முடிவு வந்தது. காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவ அது காரணமாயிற்று.

நோயாளிகளை இப்படிப் பிரிப்பதை ஆய்வேட்டில் 'எழுமாற்று ஒதுக்கீடு' என்று எழுதலாம். ஆய்வில் சேர ஒப்புதல் கேட்டு நோயாளியின் அம்மாவிடம் பேசும்போது 'குலுக்கல்' என்றே சொல்லுங்கள்.