நீளக் கூந்தலைச் சீக்கிரம் உலர்த்த: சூடு அல்ல, காற்று

தலைக்குக் குளித்தவுடன் கூந்தலில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. முடி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மிச்சமெல்லாம் இழைகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு நிற்கும் தண்ணீர். இந்த இரண்டாவது வகையைத் துண்டாலேயே எடுத்துவிடலாம். உள்ளே போனது மட்டும்தான் ஆவியாகி வெளியே வந்தாக வேண்டும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கு காட்டும். 100 கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 240 கிலோஜூல் வெப்பம் தேவை. 1200 வாட் ஹேர் டிரையரின் சூடு முழுவதும் தண்ணீருக்கே போய்ச் சேர்ந்தால்கூட அதற்கு 200 வினாடி பிடிக்கும். நடைமுறையில் பெரும்பங்கு அறையைச் சூடாக்கத்தான் போகிறது, அதனால் நேரம் பல மடங்கு நீளும். துண்டில் ஒற்றி எடுக்கும் தண்ணீருக்கு இந்தச் செலவே இல்லை. சீக்கிரம் உலர வேண்டுமானால் முதல் ஐந்து நிமிடத்தைத் துண்டுக்குக் கொடுப்பதுதான் லாபம்.

ஆனால் துண்டைத் தேய்க்கக் கூடாது. ஈரத்தில் முடியின் குறுக்களவு ஏறக்குறைய 15 சதவீதம் பருக்கும். நீளமோ ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடும். பருக்கும்போது, ஓடுகள் அடுக்கியதுபோல மேலே படிந்திருக்கும் செதில்களின் ஓரம் லேசாகத் தூக்கும். உள்ளே கெரட்டின் புரதத்தைப் பிடித்து நிறுத்தும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தண்ணீர் அவிழ்த்துவிடுவதால், ஈர முடி சுலபமாக இழுபடும். ஓரளவுக்கு மேல் இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. துண்டால் பரபரவெனத் தேய்ப்பதும் நெருக்கமான சீப்பால் இழுப்பதும் இந்த நேரத்தில்தான் அதிகக் கேடு செய்கின்றன.

குளியலறையிலேயே கூந்தலைக் கையால் மேலிருந்து கீழாக வழித்து நீரை இறக்கிவிடுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். பிறகு மைக்ரோஃபைபர் துண்டோ பழைய பருத்தி டி-ஷர்ட்டோ எடுத்து, ஒரு கைப்பிடி முடியை அதற்குள் வைத்து அழுத்தி, ஐந்தாறு வினாடி பிடித்து விடுங்கள். ஈரமாகிவிட்ட பகுதியாலேயே திரும்பத் திரும்ப ஒற்றுவதில் பயனில்லை, காய்ந்த பக்கத்துக்கு மாறுங்கள். சொட்டுவது நின்ற பிறகு, பற்கள் அகலமான சீப்பால் நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறிச் சிக்கெடுக்கலாம். குளிக்கும்போதே கண்டிஷனர் போட்டிருந்தால் இழைகள் வழுக்கும், இந்த வேலை பாதியாகும்.

அடுத்தது காற்று. ஈர முடியைச் சுற்றி ஈரப்பதம் நிறைந்த மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஒட்டி நிற்கும். அதை அகற்றாதவரை ஆவியாதல் மந்தமாகவே நடக்கும். கூந்தலை நான்கு பகுதியாகப் பிரித்து விரலால் விரித்துவிட்டு மின்விசிறிக்கு முன் உட்கார்ந்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். கொண்டையாக முடிந்து வைத்த ஈரக் கூந்தல் காயாமலே கிடப்பதற்கும் நாற்றம் பிடிப்பதற்கும் காரணம், உள் இழைகளுக்குக் காற்றே போகாததுதான்.

டிரையர் பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை, ஆவியாதலே முடியைக் குளிர்வித்துக் காக்கிறது. அந்த நீர் தீர்ந்ததும் முடியின் வெப்பநிலை, வீசும் காற்றின் வெப்பநிலையை நோக்கி மடமடவென ஏறும். ஆகவே கடைசிச் சில நிமிடம்தான் ஆபத்து. பலரோ முடிக்கிற அவசரத்தில் அப்போதுதான் சூட்டைக் கூட்டுகிறார்கள்.

தூரமும் பேசும். 2011-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் முடிக்கற்றைகளை 30 முறை கழுவி உலர்த்திப் பார்த்தனர். டிரையரை 5 செ.மீ. தூரத்தில் பிடித்தபோது சூடு 95 டிகிரி செல்சியஸ், 10 செ.மீ.யில் 61, 15 செ.மீ.யில் 47. அருகே போகப்போக மேற்பரப்புச் சேதம் கூடியது. வியப்பு என்னவென்றால், தானாகக் காயவிட்ட கற்றைகளில்தான் செல்களை ஒட்டிவைக்கும் உள்படலம் உப்பியிருந்தது. முடி நெடுநேரம் ஈரத்தில் ஊறிக்கிடந்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே உலர்த்தியதே மொத்தத்தில் நல்ல முடிவு தந்தது. இயற்கையாகக் காய்வதுதான் எப்போதும் நல்லது என்ற நம்பிக்கையைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம்.

வேர்ப்பகுதி, பிடரி, நடுப்பகுதி, கடைசியில் நுனி என்ற வரிசை நல்லது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது; 60 செ.மீ. கூந்தலின் நுனிக்கு ஐந்து வயது. செதில் தேய்ந்த அந்த நுனிதான் முதலில் பிளக்கும். காற்றை வேரிலிருந்து நுனிநோக்கி வீசினால் செதில்கள் படியும். ஈர முடியில் ஸ்ட்ரெய்ட்னர் மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளிருக்கும் நீர் கொதித்து ஆவியாகி முடிக்குள் குமிழ்களை உண்டாக்கும், அந்த இடத்தில் முடி முறியும்.

எப்போது நிறுத்துவது? சூடான முடி காய்ந்ததுபோலவே தோன்றி ஏமாற்றும். குளிர்காற்றுக்கு மாற்றி அரை நிமிடம் வீசிவிட்டு, பிடரியில் விரலை நுழைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் அங்கே இன்னும் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது.