சுண்ணாம்பு தேயட்டும், கல் நிற்கட்டும்

இங்கிலாந்தில், தேம்ஸ் ஆற்றை ஒட்டி கெல்ம்ஸ்காட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1600-ஐ ஒட்டி ஒரு விவசாயக் குடும்பம் கட்டிய கல் வீடு இன்னும் நிற்கிறது. கெல்ம்ஸ்காட் மேனர் என்று பெயர். ஏதோ ஜமீன் மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். பெயர்தான் பெரிசு, உள்ளபடி அது பண்ணை வீடு. கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1871-இல் இதை வாடகைக்கு எடுத்து, 1896-இல் இறக்கும்வரை வைத்திருந்தார்.

அந்தப் பக்கத்து மழை கொட்டிவிட்டுப் போகிற மழை அல்ல. நாள் கணக்காகத் தூறிக்கொண்டே இருக்கும். ஆறும் பக்கத்தில் இருப்பதால் தரையிலும் ஈரம். வீடு கட்டிய காலத்தில் இன்றைய சிமென்ட்டும் இல்லை, நீர்க்காப்புப் பூச்சும் இல்லை. அப்படியும் நானூறு வருஷம் தாங்கியிருக்கிறது என்றால், ஈரத்தை அது எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கூரையிலிருந்து தொடங்கலாம். ஓடுகளும் கல்தான். ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஸ்டோன்ஸ்ஃபீல்டு இந்தக் கல் ஓட்டுக்குப் பேர்போன ஊர். (1824-இல் வில்லியம் பக்லாண்ட் அறிவித்த மெகலோசாரஸ் டைனோசரின் எலும்புகளும் அந்தக் குழிகளில் கிடைத்தவைதான்.) அங்கே கல்லை ஓடாகப் பிளந்தது மனிதக் கை அல்ல, பனி. தோண்டியெடுத்த பாளங்களை, உள்ளே ஊறியிருக்கும் நீர் காய்ந்துவிடாதபடி மண் போட்டு மூடி வைப்பார்கள். கடும் குளிர் வந்ததும் திறந்து பரப்பி, தண்ணீர் ஊற்றி விடுவார்கள். நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும். அந்த அழுத்தத்தில் பாளம் ஏடு ஏடாகப் பிரியும். இடையில் ஒருமுறை காய்ந்துவிட்டால் போச்சு, அப்புறம் பிளக்காது.

இப்படிக் கிடைக்கும் ஓடுகள் ஒரே அளவில் இருக்காது. அதனால் பெரியவற்றைக் கீழே இறவாரத்தில் வைத்து, மேலே போகப் போகச் சிறியவற்றை அடுக்கி, முகட்டில் மிகச் சிறியவற்றோடு முடிப்பார்கள். மீனின் செதிலையும் பறவையின் இறகையும் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று மாரிஸ் ரசித்தார். அழகோடு ஒரு கணக்கும் இதில் இருக்கிறது. கூரை முழுவதும் விழுந்த மழை கடைசியில் இறவாரத்தைத்தான் தாண்டிப் போக வேண்டும். அங்கே ஓடு பெரிதாக இருந்தால் இணைப்புகள் குறைவு, ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படியும் இடமும் அதிகம். சொரசொரப்பான கல்லில் நீர் தங்கக்கூடாது என்பதால் கூரையும் நல்ல சரிவாக, சுமார் 50 டிகிரிச் சாய்வில் நிற்கும். ஒவ்வொரு ஓடும் ஓர் ஓக் மர முளையில் வரிச்சில் தொங்குகிறது.

அடுத்து சுவர். அரை மீட்டருக்கு மேல் தடிமன் என்றாலும் ஒரே கட்டு அல்ல. உள்ளே ஒரு கல் வரிசை, வெளியே ஒன்று, நடுவில் உடைகல்லும் சாந்தும். இரண்டும் பிரிந்துவிடாமலிருக்க அங்கங்கே நீளமான கல் ஒன்றைக் குறுக்கே வைத்துப் பூட்டுவார்கள். இந்தப் பகுதிச் சுண்ணாம்புக் கல்லை உற்றுப் பார்த்தால் மீன் சினை போலக் குட்டிக் குட்டி உருண்டைகள் தெரியும். தடித்த கல் சுவர் குளிருக்குக் கதகதப்பு என்பதெல்லாம் சும்மா. கல் வெப்பத்தைக் கடத்திவிடும். கனமாக இருப்பதால் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும், அவ்வளவுதான்.

சுவரின் சூட்சுமம் சாந்தில். சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். மணலோடு குழைத்துப் பூசியதும், விட்ட வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகும். ஆனால் பக்கத்துக் கல்லைவிட மென்மையான, நுண்துளை மிகுந்த கல். சுவருக்குள் போன ஈரம் இந்தத் துளைகள் வழியாகத்தான் ஆவியாகி வெளியேறுகிறது. நீரோடு வரும் உப்பும் சாந்திலேயே படிகமாகி, அதை மாவாக உதிர்க்கும். தேய்வது சாந்து, தப்பிப்பது கல். சில தலைமுறைக்கு ஒருமுறை இணைப்புகளைச் சுரண்டி, புதுச் சாந்து வைத்தால் போதும்.

ஜன்னல்களுக்கு மேலே புருவம் போலத் துருத்தும் கல் விளிம்பு, வழிந்து வரும் நீரைச் சட்டத்தில் படாமல் ஒதுக்கிவிடும்.

இருபதாம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட பல வீடுகளுக்கு, உறுதியாக இருக்கட்டும் என்று சிமென்ட் வைத்துப் பூசினார்கள். நல்ல எண்ணம்தான், பலன் நேர்மாறு. இணைப்பு இறுகிவிட்டதால் ஈரம் கல் வழியாகவே வெளியேறத் தேடுகிறது. உப்பும் பனியும் சேர்ந்து கல்லின் முகத்தைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கின்றன. கல் குழிந்து போயிருக்கும், சிமென்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

சீரமைப்பு என்ற பெயரில் பழங்கட்டடங்களின் பூச்சைச் சுரண்டியெடுத்த காலத்தில்தான் மாரிஸும் நண்பர்களும் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ‘சுரண்டாதே’ என்பது அதன் செல்லப் பெயர். அவருடைய வீட்டிலேயே சுவரின் சில பகுதிகளில் வெண்ணெய் தடவியதுபோல மெல்லிய பூச்சு இருந்தது. வெயிலும் மழையும் பட்டு அது கல்லின் நிறத்துக்கே வந்துவிட்டிருந்தது.

இப்படி ஒரு பழைய சுவரைப் பார்த்தால் சாவியால் இணைப்பை லேசாகக் கீறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாவி வழுக்கினால் சிமென்ட்.