மார்புச் சுவரில் ஊடுருவிய நுரையீரல் புற்றுநோய்: அறுவை சிகிச்சை பற்றி நோயாளிக்கு உள்ள உரிமைகள்

நுரையீரல் கட்டி விலா எலும்புவரை வளர்ந்துவிட்டது என்று ஸ்கேன் அறிக்கையில் படித்ததும் பல குடும்பங்கள் இனி வழியில்லை என்று மனம் உடைந்துபோகின்றன. அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வர வேண்டாம். கட்டி பக்கத்துச் சுவருக்குள் நேராக வளர்வது வேறு. ரத்தத்தின் வழியே மூளைக்கோ கல்லீரலுக்கோ போய்ச் சேர்வது வேறு. உலகெங்கும் பின்பற்றப்படும் டி.என்.எம். வகைப்பாட்டு விதியில் ‘டி’ கட்டியின் அளவையும் ஊடுருவலையும், ‘என்’ நிணநீர்க் கணுக்களின் பாதிப்பையும், ‘எம்’ தொலைவில் பரவியதையும் குறிக்கும். மார்புச் சுவர் ஊடுருவலை அது ‘டி3’ என்று குறிக்கிறது. நிணநீர்க் கணுக்களில் நோய் இல்லை, தொலைவிலும் பரவவில்லை என்றால் அது 2பி நிலை. குணப்படுத்தும் நோக்கத்துடனேயே இந்த நிலையில் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். கட்டி 7 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ முதுகெலும்பின் உடற்பகுதிக்குள் புகுந்திருந்தாலோ ‘டி4’ ஆகிவிடும், கணக்கு மாறும்.

எனவே முதல் உரிமை, உங்கள் நோயின் நிலையை எழுத்தில் கேட்டு வாங்குவது. ‘முற்றிவிட்டது’ என்ற வாய்வார்த்தை போதாது. டி எவ்வளவு, என் எவ்வளவு, எம் எவ்வளவு என்று கேளுங்கள். இதில் ‘என்’ மிக முக்கியம். இரு நுரையீரல்களுக்கும் நடுவே உள்ள கணுக்களில் நோய் இருந்தால் அறுவையால் கிடைக்கும் பலன் வெகுவாகக் குறைகிறது. அதனால்தான் நோய் பரவிய இடங்களைக் காட்டும் பெட் ஸ்கேனோடு நிற்காமல், அந்தக் கணுக்களிலிருந்து திசு எடுத்துப் பார்க்கிறார்கள். சி.டி. படத்தில் கட்டி சுவரை ஒட்டித் தெரிவது மட்டும் ஊடுருவலுக்குச் சான்றாகாது. அது வெறும் ஒட்டுதலாகவும் இருக்கலாம். அதே இடத்தில் விடாத வலி இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், அது வலுவான தடயம்.

இரண்டாவது, வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கும் உரிமை. உலக மருத்துவச் சங்கம் 1981இல் லிஸ்பனில் வெளியிட்ட நோயாளி உரிமைப் பிரகடனம் இதைச் சிகிச்சையின் எந்தக் கட்டத்துக்கும் உரியதாக்குகிறது. ‘அறுவை முடியாது’ என்று சொல்லப்பட்டால், அதை நெஞ்சக அறுவை நிபுணர் பார்த்துச் சொன்னாரா என்று கேளுங்கள். புற்றுநோய் மருத்துவர், கதிரியக்க மருத்துவர், அறுவை நிபுணர் மூவரும் சேர்ந்து முடிவெடுப்பதே முறை. நுரையீரல் உச்சியில் வளரும் கட்டிகளுக்கு முதலில் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துவிட்டுப் பிறகு அறுவை செய்வது வழக்கம் என்பதால், வரிசையே கூட்டாக முடிவாக வேண்டிய ஒன்று.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் பெறலாம். கையெழுத்திட்ட பிறகும் மறுக்கலாம். நுரையீரலின் எந்தப் பகுதி, எத்தனை விலா எலும்புகள், எல்லாம் ஒரே துண்டாக எடுக்கப்படுமா என்று கேளுங்கள். கட்டியைச் சுவரிலிருந்து உரித்தெடுத்து மிச்சம் விட்டுவிட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். எடுத்த இடத்தில் சிறிய திறப்பு என்றால் அப்படியே விடலாம். முதுகுப் பக்கம் தோள்பட்டை எலும்பே மறைத்துக்கொள்ளும். முன்புறமோ பக்கவாட்டிலோ பெரிய திறப்பு என்றால் செயற்கை வலையோ டைட்டானியம் தகடோ வைப்பார்கள். மூச்சுத் திறன் சோதனையின் முடிவையும், நிமோனியா, வலையில் தொற்று, நீண்ட நாள் வலி ஆகிய அபாயங்களையும் விளக்கச் சொல்வது உங்கள் உரிமை.

செலவை அரசுத் திட்டமோ காப்பீடோ ஏற்பதானால், முன் அனுமதி விண்ணப்பத்தைக் கூர்ந்து பாருங்கள். நுரையீரல் மடல் (நுரையீரலின் ஒரு பகுதி) அகற்றம் என்று மட்டும் எழுதினால் விலா எலும்பு நீக்கமும் சீரமைப்பும், வலை, தகடு ஆகிய பொருள்களும் விடுபடக்கூடும். மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். திசுப் பரிசோதனை அறிக்கை, ஸ்கேன்கள், கூட்டு முடிவின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு அதுவே அடிப்படை.

அறுவைக்குப் பின் வரும் நோயியல் அறிக்கையின் நகலையும் விடாமல் வாங்குங்கள். வெட்டிய விளிம்புகளில் புற்றணுக்கள் இல்லை என்று அதில் இருக்கிறதா எனப் பாருங்கள். அடுத்து கீமோ, கதிர்வீச்சு தேவையா என்பது அந்த வரியையும் கணுக்களின் முடிவையும் பெரிதும் பொறுத்தது.