மருந்துச் சீட்டில் வரும் ‘டே’: பகலா, முழு நாளா?

ஆங்கிலத்தில் ‘டே’ என்ற சொல் இரண்டு அளவுகளுக்குப் பொதுவாக வழங்குகிறது. பொழுது விடிந்து அடையும் வரை உள்ள வெளிச்ச நேரமும் ‘டே’தான், இரவையும் சேர்த்துக்கொண்ட 24 மணி நேரமும் ‘டே’தான். தமிழில் முன்னதற்குப் பகல் என்றும் பின்னதற்கு நாள் என்றும் தனித்தனிச் சொற்கள் இருந்தும், மருந்து உட்கொள்ளும் விஷயத்தில் மட்டும் நாம் இரண்டையும் ஒன்றாக்கி விடுகிறோம். இராமநாதபுரம் கடற்கரையில் மருந்தாளுநராக வேலை செய்யும் எனக்கு, இந்தக் குழப்பத்தால் நோய் குணமாகாமல் திரும்பி வருகிறவர்களைப் பார்ப்பது வாடிக்கையாகிவிட்டது. இங்கே தொழில் பெரும்பாலும் இரவில் நடப்பதால், மற்ற ஊர்களில் அவ்வளவாகப் பாதிக்காத இந்தக் குழப்பம் இங்கே நோயாளியின் உடம்பையே பாதிக்கிறது.

மருத்துவர்கள் எழுதும் ஓ.டி., பி.டி., டி.டி.எஸ். ஆகியவை இலத்தீன் மொழிச் சுருக்கங்கள். முறையே நாள்தோறும் ஒருமுறை, நாளுக்கு இருமுறை, நாளுக்கு மும்முறை என்று பொருள். இவற்றில் வரும் நாள் 24 மணி நேர நாள். ஆகவே இருமுறை என்றால் ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கு ஒன்று, மும்முறை என்றால் ஏறத்தாழ 8 மணி நேரத்துக்கு ஒன்று என்று கொள்ள வேண்டும். நம் மக்களோ இதை ‘வேளை’ என்ற சொல்லால் புரிந்துகொள்கிறார்கள். வேளை என்றால் சாப்பாடு நினைவுக்கு வருகிறது. சாப்பாடு என்றால் கண் விழித்திருக்கும் பகல் நினைவுக்கு வருகிறது. பகலில் எழுந்து, பகலில் உழைத்து, இரவில் உறங்குகிறவருக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வந்துவிடும்.

மாலையில் வலையேற்றிப் புறப்பட்டு விடியலில் கரை திரும்பும் நாட்டுப்படகுக்காரருக்கு அது சரிவராது. திருக்கை முள் குத்திய காலோடு கடைக்கு வந்த ஒருவரை இங்கே சொல்ல வேண்டும். புண்ணில் சீழ் வைத்திருந்ததால் மருத்துவர் அமாக்சிசிலின் மாத்திரையை நாளுக்கு மூன்று என்று எழுதியிருந்தார். மாத்திரை பாதி தீர்ந்தும் புண் ஆறவில்லை என்று அட்டையைக் கொண்டு வந்து காட்டினார். எந்தெந்த நேரத்தில் போட்டீர்கள் என்று கேட்டேன். “பதினொரு மணிக்கு எந்திரிச்சதும் ஒண்ணு, ரெண்டு மணிக்குச் சோறு தின்னுட்டு ஒண்ணு, அஞ்சு மணிக்குக் கடலுக்குக் கெளம்பும்போது ஒண்ணுண்ணே. பகல்லயே மூணையும் முடிச்சிருவேன், ராவுல வலை இழுக்கணும்ல” என்றார். அவர் ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிடவில்லை. ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் மூன்றும் உள்ளே போய்விட்டன. மீதிப் பதினெட்டு மணி நேரம் மருந்தே இல்லை.

அமாக்சிசிலின் இரத்தத்தில் நெடுநேரம் தங்கும் மருந்தன்று. சிறுநீரகம் சரியாக வேலை செய்யும் ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகக் குறைகிறது. இரத்தத்தில் போதிய அளவு எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பதைப் பொறுத்தே அது கிருமியைக் கொல்கிறது. ஒரே சமயத்தில் அளவு கூடுவதால் பெரிய பயன் இல்லை. எனவே மூன்றையும் பகலுக்குள் அடைத்துவிட்டால், அவர் கடலில் வலை இழுக்கும் இரவு முழுவதும் கிருமி தடையில்லாமல் பெருகும். அவரிடம் மாலை ஆறு, இரவு இரண்டு, காலை பத்து என்று மணிக்கணக்காக எழுதிக் கொடுத்தோம். கடலில் இருக்கும்போது வரும் ஆறு மணி, இரண்டு மணி மாத்திரைகளை நனையாத பையில் போட்டுப் படகிலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். கடல்தொழில் செய்கிறவர்களுக்கு மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவர்கள் அனைவரும் இப்படி மணியைக் குறித்தால் எவ்வளவோ நல்லது. குறிக்காவிட்டால், தான் இரவில் தொழில் பார்க்கிறவர் என்பதை நோயாளியே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். கேட்காமல் அது மருத்துவருக்குத் தெரிய வழியில்லை.

இதே காரணத்தால் 1-0-1 என்று எழுதும் முறையும் இங்கே தடுமாற வைக்கிறது. அந்த மூன்று இலக்கங்களும் காலை, மதியம், இரவு. எச்.எஸ். என்று எழுதியிருந்தால் உறங்கப் போகும் நேரம் என்று பொருள். விடிந்தபின் உறங்குகிறவருக்கு அந்த நேரம் காலையில்தான் வருகிறது. அரிப்புக்கும் சளிக்கும் கொடுக்கும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள் தூக்கத்தைக் கொடுப்பவை. ‘ராத்திரிக்கு ஒன்று’ என்று சொன்னதை அப்படியே ஏற்று, அதைப் போட்டுக்கொண்டு நள்ளிரவில் படகின் சுக்கான் பிடிப்பது உயிருக்கு ஆபத்து. சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடை அன்றைய முதல் முக்கிய உணவோடு சேர்த்து எடுக்க வேண்டும். அதை விடியற்காலையில் போட்டுவிட்டு, சாப்பிடாமல் படுத்து உறங்கிவிட்டால், சர்க்கரை தாழ்ந்துபோவது உறக்கத்தில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

பாராசிட்டமாலில் குழப்பம் நேர்மாறாக வருகிறது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் கூடாது; ஒரு மாத்திரைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உடல் எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இந்த அளவு இன்னும் குறைவு. ஆங்கில முறையில் நள்ளிரவு 12 மணிக்குத் தேதி மாறுவதால், இன்றைய கணக்கு முடிந்து நாளைய கணக்கு தொடங்கிவிட்டது என்று எண்ணிச் சிலர் இரவு பத்துக்கு ஒன்றும் பன்னிரண்டரைக்கு ஒன்றும் போடுகிறார்கள். கல்லீரலுக்குத் தேதி தெரியாது. கடைசி மாத்திரையிலிருந்து பின்னோக்கி 24 மணி நேரத்தை எண்ணிப் பார்ப்பதே சரியான கணக்கு.

நாய்க்கடி ஊசியில் இதே சொல் வேறொரு சிக்கலை உண்டாக்குகிறது. கருவாடு காயப்போடும் இடங்களில் நாய்கள் திரிவதால் கடிபடுகிறவர்கள் இங்கே குறைவில்லை. தோலுக்குள் போடும் தடுப்பூசியின் அட்டவணை 0, 3, 7, 28 என்று இருக்கும். முதல் ஊசி போட்ட நாள் பூஜ்ஜியம். நம் வழக்கில் எந்த எண்ணிக்கையும் தொடங்கிய நாளையே ஒன்றாகக் கொள்வது. துக்க வீட்டின் பதினாறாம் நாளும் அப்படித்தான், தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வெள்ளியன்று இறந்த இயேசு ஞாயிறன்று மூன்றாம் நாள் உயிர்த்தார் என்று எண்ணுவதும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் என்பதும் இரு முனைகளையும் சேர்த்த கணக்கு. இந்த வழக்கப்படி, திங்களன்று முதல் ஊசி போட்டவர் புதனன்று வந்து நிற்பார். அட்டவணைப்படி அவருக்குரிய நாள் வியாழன். ஒரு நாள் முந்தி வந்தவரை மறுநாள் வரச் சொல்லி அனுப்பினால், அவர் அன்று கடலுக்குப் போய்விடக்கூடும். ஆகவே முதல் ஊசியின்போதே மற்ற மூன்றின் தேதியையும் கிழமையையும் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே பகலைக் கணக்கில் கொள்ள வேண்டிய காலம் ஒன்றும் உண்டு. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் ரமலான் மாதத்தில் விடியலுக்கு முன் உண்ணும் ஸஹருக்கும் மாலை நோன்பு திறப்புக்கும் இடையே வாயில் எதுவும் படாது. அப்போது மூன்று வேளை மாத்திரையை இரண்டு வேளைக்குள் தாமாகவே திணித்துக்கொள்வதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். நீண்ட நேரம் செயல்படும் மாற்று மருந்துகள் பலவற்றுக்கு உண்டு. நோன்பு தொடங்கப் பல வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது கட்டாயம்.

இந்த ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. இஸ்லாமிய முறையில் நாள் மாலையில் தொடங்குகிறது. வியாழன் பொழுதடைந்ததும் வருவது வெள்ளி இரவு. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு கிழமையில் மட்டும் எடுக்க வேண்டிய மாத்திரை. வெள்ளி இரவு என்று ஒருவர் சொன்னதை வீட்டில் இன்னொருவர் வேறாகப் புரிந்துகொண்டால், வியாழனும் வெள்ளியும் அடுத்தடுத்து உள்ளே போய்விடும். நாள்தோறும் போடுவதாக எண்ணிவிட்டால் வாய்ப்புண் வந்து, இரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும். இதோடு மற்றக் கிழமைகளில் எடுக்கக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையும் பெரும்பாலும் அதேபோல மஞ்சளாகவும் சிறியதாகவும் இருப்பதால், இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்கக் கூடாது. மெத்தோட்ரெக்சேட் அட்டையின் மேல் கிழமையோடு ‘மாலை ஏழு மணி’ என்பதையும் சேர்த்து எழுதுங்கள். போட்டு முடித்ததும் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டுவிடுங்கள்.