உள்ளடங்கிய கல்வியா, உள்ளடக்கிய கல்வியா?

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. காதொலிக் கருவி மாட்டியிருந்த ஒரு சிறுமியைக் காட்டி, "இது உள்ளடங்குன புள்ள சார்" என்றார் ஆசிரியர். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் 'உள்ளடங்கிய கல்வி' என்று ஒரு கல்விமுறைக்கு வைத்த பெயர் போய்ப் பிள்ளைமேல் ஒட்டிக்கொண்டதே, அதற்குப் பாதிக் காரணம் அந்தச் சொல்தான்.

ஆங்கிலத்தில் இன்க்ளூசிவ் எஜுகேஷன். லத்தீனில் 'இன்' என்றால் உள்ளே, 'கிளாவ்தெரே' என்றால் மூடுவது. அடியில் இருப்பது 'உள்ளே வைத்து மூடு' என்கிற பொருள்! இப்போதைய பொருளில் அது உலகமெங்கும் பரவியது 1994க்குப் பிறகு. ஸ்பெயினின் சலமன்காவில் 92 அரசுகள் கூடி, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளும் பொதுப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டன. நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்கு வரையறையே தருகிறது. அதில் இரண்டு பாதி: எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பது; கற்பிக்கும் முறை அவரவர் தேவைக்கேற்ப மாறுவது. இரண்டாவது பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம்.

அந்தப் பாதி இல்லாத பழைய ஏற்பாட்டுக்குப் பெயர் ஒருங்கிணைந்த கல்வி. 1974இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் அது. பிள்ளையைப் பொதுப் பள்ளியில் சேர்ப்பார்கள்; அங்கே இருப்பதற்குப் பிள்ளைதான் பழகிக்கொள்ள வேண்டும். 'ஐ.இ.டி. பிள்ளைகள்' என்ற பேச்சு வழக்கு அதன் ஆங்கிலப் பெயரான இன்டெக்ரேட்டட் எஜுகேஷன் ஃபார் டிசேபிள்டு என்பதன் மிச்சம். போதாக்குறைக்கு, 2018இல் வந்த சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசுத் திட்டத்துக்கும் தமிழில் 'ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி' என்றே பெயர். அங்கே பொருள் வேறு. மழலை வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஒரே திட்டத்தில் சேர்த்தது.

வேறுபாட்டை எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் கண்ணாலேயே பார்க்கலாம். வெள்ளத்துக்குப் பயந்து தரையை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். வாசலில் நாலைந்து படி. சக்கர நாற்காலியில் வரும் பையனை நண்பர்கள் தூக்கிக்கொண்டு ஏறினால் அது ஒருங்கிணைந்த கல்வி. சாய்தளம் போட்டால் அது இன்க்ளூசிவ் எஜுகேஷனின் தொடக்கம். (அதிலும் சைக்கிளை நிறுத்திவைப்பவர்கள் உண்டு.) நான் போன பள்ளியில் பார்வை இல்லாத ஒரு பையனுக்காக அட்டையில் நூல் ஒட்டி ஆற்றுப் படம் செய்திருந்தார்கள். கல்லணையில் ஒரு பொத்தான். அங்கிருந்து காவிரிக்குத் தடித்த கயிறு, வெண்ணாற்றுக்குச் சணல், புதாற்றுக்கு மெல்லிய நூல். அவன் தடவித் தடவிக் கடல்வரை போனான். மற்ற பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு 'எனக்கு, எனக்கு' என்று வரிசை கட்டினார்கள். சட்டம் சொல்கிற இரண்டாவது பாதி இதுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். 'அடங்கு' தன்வினை, 'அடக்கு' பிறவினை. பெட்டிக்குள் துணி அடங்கும். பெட்டி துணியை உள்ளடக்கும். 'உள்ளடங்கிய கல்வி' என்றால் கல்வியே எதற்குள்ளோ போய் அடங்கிவிட்டது என்றாகிறது. சந்தேகம் இருந்தால் முன்னால் 'அனைவரையும்' என்று போட்டுப் பாருங்கள். 'அனைவரையும் உள்ளடக்கிய கல்வி' சரியாக நிற்கும். 'அனைவரையும் உள்ளடங்கிய கல்வி' நிற்காது, 'ஐ' உருபு அதனோடு சேராது. ஆகவே உள்ளடக்கிய கல்விதான் சரி; முடிந்தவரை 'அனைவரையும்' என்பதையும் சேர்த்தே எழுதுவது என் வழக்கம். 'அடக்கு' என்றதும் காளையை அடக்குவதும் சவ அடக்கமும் நினைவுக்கு வருகின்றன, உண்மைதான். ஆனால் புத்தகத்தின் உள்ளடக்கம் என்கிறபோது அப்படி யாரும் நினைப்பதில்லையே.

இலங்கைத் தமிழில் 'உட்படுத்தல் கல்வி' என்பார்கள். இங்கே அது விசாரணைக்கு உட்படுத்துவது போல ஒலிக்கும். பேச்சில் எந்தக் கலைச்சொல்லும் வேண்டாம். 'எல்லாரும் ஒண்ணா படிக்கிறாங்க' என்றாலே ஊருக்குப் புரியும்.

அந்தப் பள்ளிச் சுவரில் 'உள்ளடங்கிய கல்வி மையம்' என்று நீலத்தில் எழுதியிருந்தது. இலக்கணத்தைச் சொன்னேன். தலைமையாசிரியர் சிரித்தார்: "ஒரு எழுத்துதானே சார், 'ங்'ஐ 'க்' ஆக்கணும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறப்ப பாத்துக்கலாம்."