டிரான்சியன்ட் என்றால் கடப்புநிலை

வெற்றிடக் கலனின் அழுத்தத்தைக் கணினியில் கணிப்பவர்கள் 'ஸ்டெடி ஸ்டேட்', 'டிரான்சியன்ட்' என்று இரண்டு வகைக் கணக்கு போடுவார்கள். முதலாவது நிலைத்த நிலை; அதில் குழப்பமில்லை. இரண்டாவதைத் தமிழில் சொல்லப் போனால்தான் இடிக்கும். 'நிலையற்ற' என்றால் கணக்கே ஆட்டம் கண்டுவிட்டது போலத் தொனிக்கிறது. 'மாறுநிலை'யைப் பாடநூல்கள் மாறுநிலை வெப்பநிலை, மாறுநிலைக் கோணம் என்று வேறு பொருளுக்கு வைத்துக்கொண்டன. 'இடைநிலை'யோ வேதியியலில் தனிமங்களோடு போய்விட்டது.

லத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் குறுக்கே, அப்பால். 'ஈரே' என்றால் போதல். கடந்து போவதே டிரான்சியன்ட். விமான நிலைய டிரான்சிட்டுக்கும் இதே வேர்தான். தமிழில் நேரான வினை 'கட'. கடவுச்சீட்டிலேயே அது இருக்கிறது. ஆகவே 'கடப்புநிலை' என்பதே பொருத்தம்: அழுத்தம் ஒரு நிலையை விட்டு இன்னொன்றைச் சேரும் வரையிலான பொழுது.

எவ்வளவு பொழுது என்பதை நிரலைத் திறக்கும் முன் கையால் போட்டுப் பார்த்துவிட வேண்டும். கொள்ளளவைப் பம்பு வேகத்தால் வகுத்தால் கால மாறிலி, அதாவது அழுத்தம் எவ்வளவு விரைவாக இறங்கும் என்பதன் அளவு. 100 லிட்டர் கலன், வினாடிக்கு 50 லிட்டர் இழுக்கும் பம்பு என்றால் 2 வினாடி. அழுத்தம் பத்தில் ஒன்றாக இறங்க அதைப்போல் 2.3 மடங்கு, அதாவது 4.6 வினாடி. 10⁻⁵ மில்லிபாரிலிருந்து 10⁻⁸-க்கு ஏறக்குறைய 14 வினாடி. வரைகோடு இதோடு ஒத்துப்போகாவிட்டால் பிழை பெரும்பாலும் உள்ளீட்டில்தான்.

அடிக்கடி வரும் புகார்: "அழுத்தம் இறங்க வேண்டும், ஏறுகிறதே!" ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகமான செர்ன் வெளியிடும் மோல்ஃப்ளோ போன்ற மான்டி கார்லோ நிரல்களில் (மூலக்கூறுகளின் பாதையைத் தற்செயல் எண்களால் பின்தொடர்பவை) கலன் தொடக்கத்தில் காலி. சுவர் விடும் வாயு மட்டுமே உள்ளே வருவதால் அழுத்தம் சுழியிலிருந்து ஏறத்தானே செய்யும். இறக்கத்தைப் பார்க்க, தொடக்க வாயுவை நாமே ஊற்ற வேண்டும். அதன் அளவு: 10⁻⁵ மில்லிபார் × 100 லிட்டர் = 0.001 மில்லிபார்-லிட்டர். இதை 0.02 வினாடிக்குள் விட, வாயு வரத்து வினாடிக்கு 0.05 மில்லிபார்-லிட்டர். அந்த நேரம் முடிந்ததும் வரத்து சுழி என்று, வரத்தை நேரவாரியாகக் கொடுக்கும் அட்டவணையில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கடைசி மதிப்பே நீண்டு, வாயு கொட்டிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது பம்பின் வாய். 10 செ.மீ. விட்டமுள்ள வாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ. அறை வெப்பநிலையில் நைட்ரஜன் ஒரு சதுர செ.மீ. வழியே வினாடிக்கு 11.8 லிட்டர் போகும். முழு வாய்க்கும் 927 லிட்டர். பம்பு எடுப்பது 50 மட்டும் என்பதால் ஒட்டுக் கெழு 0.054. வாயில் படும் நூறு மூலக்கூறில் ஐந்தாறுதான் பிடிபடும், மற்றவை திரும்பும். அங்கே 1 என்று கொடுத்துவிட்டால் கால மாறிலி 2 வினாடியிலிருந்து 0.11-க்குச் சுருங்கிவிடும். வாயுவை ஹைட்ரஜனாக மாற்றும்போது இந்தக் கெழுவையும் திருத்த வேண்டும். அப்படியே விட்டால், இலேசான ஹைட்ரஜன் வேகமாக ஓடுவதால், பம்பு வேகம் 3.7 மடங்காகிவிடும்.

புள்ளிகள் சிதறினால் பார்க்க வேண்டியது நேரச் சாளரம், அதாவது ஒவ்வொரு கணத்தையும் சுற்றி மோதல்களை எண்ணும் இடைவெளி. வாயு ஊற்றும் கட்டத்துக்கு 0.002 வினாடி வேண்டும். இறக்கத்தில் 0.2 கூடப் போதும். அங்கே சாளரத்தைக் குறுக்கினால் புள்ளிச் சிதறல்தான் மிஞ்சும். 14-ஆம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு மூலக்கூறுதானே உள்ளே இருக்கிறது! சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிரல் 14 வினாடி என்கிறது, உண்மைக் கலனோ மணிக்கணக்கில் இழுக்கிறது என்றால் நீராவிதான் காரணம். மூலக்கூறு சுவரில் ஒட்டியிருக்கும் 'தங்குநேரம்' பிணைப்பாற்றலோடு அடுக்குக்குறியாக ஏறும். மோலுக்கு 90 கிலோஜூல் என்றால் 22 பாகை செல்சியஸில் சுமார் கால் மணி நேரம். 150 பாகையில் ஏறத்தாழ 0.01 வினாடி. கலனைச் சுட்டெடுப்பது இதற்காகத்தான். உள்ளீட்டில் தங்குநேரம் இல்லையென்றால் நிரலுக்குத் தெரிவது கொள்ளளவும் பம்பும் மட்டுமே.